வாரேன்

ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டிய வெள்ளைப் பெயின்ட் சுரண்டச் சுரண்டப் போகவில்லை. காய்ந்திருக்காது என்று தெரிந்தும் காலையில் அதை ஏன் தொட்டோம் என்று தெக்லாவுக்கு விளங்கவில்லை. மின்கம்பங்களுக்கு எண் எழுதுகிற பெயின்ட். அப்பா லைன்மேன். நேற்று சாயங்காலம் புது டிரங்குப் பெட்டியை முற்றத்தில் வைத்து, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கம்பத்தில் எழுதுகிற அதே நிதானத்தோடு 'தொ. தெக்லா' என்று எழுதினார். மகள் கன்னியாஸ்திரியாகப் போகிறாள் என்பதைப் பற்றி இந்த ஒரு வாரத்தில் அவர் சொன்னது என்று பார்த்தால் அந்த நாலைந்து எழுத்துதான். கோயிலுக்குக் கிளம்பும்போது அவள் குனிந்து 'தெ'யின் கொம்பைத் தொட்டாள். கொம்பு இழுபட்டு அதற்கு ஒரு வால் முளைத்துவிட்டது. அப்பா பார்த்தால் ஒன்றும் கேட்க மாட்டார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதுவார். அதைத்தான் தாங்க முடியாது. ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்? ஏம்மா, நிஜமாவே போறியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். என்ன சொல்லியிருப்பாள்? அங்கேதான் ஒவ்வொரு தடவையும் போய் முட்டிக்கொள்கிறது. ஆலயத்தின் பெண்கள் பக்கம், தூணுக்குப் பின்னால், சிமென்ட் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் மதினியின் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலை வேர்த்து, சுடிதார் துணியைத் தாண்டித் தொடைவரை ஈரம் இறங்கியிருந்தது. பூசை தொடங்கி முதல் வாசகம் முடிந்துவிட்டது. அவளுக்கு ஒரு வரிகூடக் காதில் விழவில்லை.

பூசைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதல் மணி அடிக்கும் முன்பே வந்தாள். பூசை உடுப்பு மாற்றுகிற சக்ரீஸ்து அறையின் வாசலில் பங்குச்சாமியாரைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். இறந்தவர்களுக்காகப் பூசைக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள், ஒலிபெருக்கி சரியில்லை என்று முறையிட வந்தவர். அவர்கள் போகட்டும் என்று நின்றாள். அவர்கள் போனதும் வேறு இரண்டு பேர் அவளைத் தாண்டி உள்ளே நுழைந்தார்கள். பேருந்தில் ஏறும்போதும், ரேஷன் கடையிலும், கல்லூரியில் தாவரவியல் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்புக்காக நிற்கும்போதும் அவளுக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கும். அவள் நிற்கிற இடத்தை மற்றவர்கள் காலி இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். சாமியார் அவளைப் பார்த்து, என்னம்மா தெக்லா, இன்னைக்கு அறிவிப்புல சொல்லிருதேன், என்று சிரித்தார். அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாளா, சரி என்று ஆட்டினாளா என்பது அவளுக்கே இப்போது நினைவில்லை. எப்படி ஆட்டியிருந்தாலும் அவர் சரி என்றுதான் எடுத்திருப்பார். பூசை முடிகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் அவள் பெயர் வரும். ஊர் முழுக்கக் கேட்கும். அம்மா அதற்காகவே கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் இல்லாத வழக்கமாக முதல் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நடுநடுவே திரும்பி, மகள் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாளா என்று பார்க்கிறாள். முன்னால வா என்று கண்ணாலேயே கூப்பிடுகிறாள். தெக்லா மடியில் தூங்கும் குழந்தையைக் காட்டினாள். குழந்தை நல்ல சாக்கு.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. மூன்று நாள் 'வந்து பார்' முகாம். கன்னியர் மடத்தில் தங்கி, அவர்களோடு ஜெபித்து, அவர்களோடு பாத்திரம் கழுவி, இந்த வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கிற முகாம். கல்லூரித் தோழி கூப்பிட்டதால் போனாள். தோழி இரண்டாம் நாளே தலைவலி என்று கிளம்பிவிட்டாள். கடைசி இரவு சிஸ்டர் எமரென்சியா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். பெண்களுக்கு இறையழைத்தல் இருக்கிறதா என்று கண்டறிய உதவுவதுதான் அவர் வேலை. கலகலப்பான மனுஷி, ஸ்கூட்டர் ஓட்டுவார், எதிராளியின் முகத்தை அப்படியே படிப்பார். நீ பேச மாட்டேன்னு எனக்குத் தெரியும், விளக்கமெல்லாம் வேண்டாம், 'வாரேன்' இல்லேன்னா 'வரல', ஒரு வார்த்தை சொல்லு போதும், அதுவும் இப்பவே வேண்டாம், என்றார். எவ்வளவு கரிசனம். அந்தக் கரிசனத்தில்தான் கால் மாட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் ஆட்டோ வாசலில் நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரையும் போல அவளும் விடைபெற்றாள். "வாரேன் சிஸ்டர்" என்றாள். அவ்வளவுதான். வீட்டை விட்டுக் கிளம்புகிற எந்தப் பெண்ணும் சொல்வதுதானே. சிஸ்டர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "ரொம்ப சந்தோஷம்மா. நான் மதர்கிட்ட சொல்லிருதேன்." எதைச் சொல்வார் என்று தெக்லாவுக்குப் புரியும்போது ஆட்டோ ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தது. அவள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் போன் வந்து, சாமியாரே ஸ்கூட்டரில் வந்து, அம்மா சுவரில் இருந்த சிலுவையை எடுத்து முத்தமிட்டு, அப்பா டிவியை அணைத்துவிட்டிருந்தார்.

மற்ற நாள் எல்லாம் போயிட்டு வாரேன் என்று முழுசாகச் சொல்கிறவள்தான் அவள். அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தாள். கடைக்குப் போனாலும் போயிட்டு வாரேன், கல்லூரி விடுதிக்குப் போனாலும் போயிட்டு வாரேன். அன்றைக்கு மட்டும் 'போயிட்டு' எங்கே போனது? மூன்று நாள் பேசாமல் இருந்து தொண்டை காய்ந்திருந்தது, அதனால் பாதி விழுங்கப்பட்டிருக்கலாம். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், அதனால் இருக்கலாம். இல்லை, உள்ளுக்குள் எதுவோ ஒன்று அந்த வார்த்தையைச் சொல்ல ஆசைப்பட்டு, ஆனால் மாட்டிக்கொள்ளாமல் சொல்லப் பார்த்து, விடைபெறுகிற சாக்கில் நைசாக வெளியே வந்துவிட்டதா? யாராவது கேட்டால் அது வேறு, இது வேறு என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? அவள் அப்படிப்பட்டவள்தான். ஆசைப்பட்ட தின்பண்டத்தைக்கூட எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிறவள். ஆனால் அப்படி யோசித்தால் எல்லாவற்றையும் அப்படியே யோசிக்கலாம். இருமினால்கூட அழைத்தல் என்று சொல்லிவிடலாம்.

சாமியார் பிரசங்கத்தில் செல்போனைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கம் யாருடைய போனோ அந்த நேரம் பார்த்து அடித்தது. சிரிப்பு ஒன்று பரவி அடங்கியது. பக்கத்தில் இருந்த பெர்சி மதினி, அண்ணன் மனைவி, குனிந்து அவள் காதருகே வந்தாள். "ஏட்டி, இனிமே உன் பங்குப் பூவையும் நானே வச்சுக்கிடுவேன், என்ன?" என்றாள். தெக்லா சிரித்தாள். மதினி சிரித்து முடித்த பிறகும் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையின் கால் கொலுசைச் சரிசெய்வது போலக் குனிந்து, உனக்குப் பிடிச்சிதானட்டி போற, என்று கேட்டாள். ஒரு வாரத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். அதையும் பிரசங்கத்துக்கு நடுவில்தான் கேட்க வேண்டுமா? முன்வரிசைக் கிழவி ஒருத்தி திரும்பி உஸ் என்றாள். மதினி உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கேள்வி அப்படியே இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் கிடந்தது.

பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிடித்ததுதான் பயம். முகாமில் மூன்று நாளும் மௌனம். சாப்பிடும்போது பேச்சில்லை, படியேறும்போது பேச்சில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் பேசாமல் இருந்தது யாருக்கும் குறையாகப் படவில்லை. அங்கே அவள் சரியான ஆளாக இருந்தாள். எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது, ஒவ்வொரு டம்ளரிலும் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே இதுவரை இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. கடவுள் என்று அதற்குப் பெயர் வைக்கலாமா? இல்லை, அது வெறும் ஓய்வா? போன வைகாசியில் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து முடித்து, அவள் கையில் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, பொண்ணுக்கு வாய் இருக்கா, இல்ல கடையில வாங்கணுமா, என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் மடமா? கடவுளைத் தேடிப் போகிறவளுக்கும் ஒளிய இடம் தேடிப் போகிறவளுக்கும் பின்னாலிருந்து பார்த்தால் நடை ஒன்றுபோலத்தானே இருக்கும். ஆய்வகத்தில் செடித்தண்டை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். சாயம் கூடிப்போனால் எல்லாம் ஒரே சிவப்பு, எந்தத் திசு எது என்று தெரியாது. கழுவ வேண்டும். அவள் இந்த ஒரு வாரமாக மேலும் மேலும் சாயத்தையே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. கீபோர்டு பாட்டை விட்டுவிட்டு முன்னால் ஓடியது. இரண்டு வரிசைக்கு முன்னால் கிளாடிஸ் அக்கா எழுந்து, காணிக்கைப் பையை வாங்கிப் பக்கத்தில் நகர்த்தினாள். நரைத்த பின்னல். தெக்லா பிறப்பதற்கு முன்பே மடத்துக்குப் போய், ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்டதில்லை, கேட்காமலே ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வரன் ஒன்றும் தகையவில்லை. இப்போது பால்வாடியில் ஆசிரியை, நல்ல மனுஷி, தெக்லாவுக்கு எழுத்தறிவித்தவளே அவள்தான். இன்னும் அவள் பெயர் மடத்து கிளாடிஸ். ஊரில் இரண்டு கிளாடிஸ் இருந்தால் அடையாளம் வேண்டும் என்று சொல்லலாம். இன்னொரு கிளாடிஸ் செத்துப் பல வருஷம் ஆகிறது. போயிட்டு வந்தவ, என்று அம்மாவே ஒருநாள் அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், கெட்டவ என்று சொல்வது போல. தினமும் வாசலில் நின்று போயிட்டு வா, போயிட்டு வா என்று வழியனுப்புகிற அதே அம்மா. இன்றைக்கு ஒலிபெருக்கியில் பெயர் வந்துவிட்டால் அப்புறம் இரண்டே வழி. போய் அங்கேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் மடத்து தெக்லா. பெயர் வராதவரை மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கர்த்தரே, சாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளட்டும். கரண்ட் போகட்டும். அப்பாவின் லைனில் ஏதாவது பழுதாகட்டும். இதைப் போய் யாரிடம் கேட்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மணி அடித்தது. எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். அவளால் முடியவில்லை. குழந்தை மடியில் கனத்தது, கால் மரத்துப்போயிருந்தது. தலையை மட்டும் குனிந்தாள். குனிந்தபோது குழந்தையின் உச்சந்தலை மூக்கில் பட்டது. தேங்காய் எண்ணெயும் வேர்வையும் பாலும் கலந்த வாசனை. இது இல்லாமல் இருந்துவிட முடியுமா? தனக்கென்று ஒன்று, இப்படி மடியை நனைத்துக்கொண்டு தூங்க. இருக்க முடியாது என்று தோன்றியது. அடுத்த மூச்சில் சிஸ்டர் பசிலிசாவின் வாசனை வந்தது. டெட்டாலும் பழைய புத்தகமும் போல ஒரு வாசனை. மடத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற, நினைவு தவறிப்போன கிழட்டுச் சிஸ்டர். அவருக்குக் கஞ்சி கொடுக்க அவளை அனுப்பினார்கள். கதவைத் திறந்ததும், "வந்துட்டியா?" என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யார் சொல்லி அனுப்பினார்கள் இவருக்கு என்று நின்றாள். பிறகு சலவைக்காரம்மா வந்தாள், அவளிடமும் வந்துட்டியா என்றார். ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயிடமும் வந்துட்டியா என்றார். தெக்லாவுக்குச் சிரிப்பு வந்தது, ஏமாற்றமும் வந்தது. ஆனால் கஞ்சி ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, தலையணையைத் திருப்பிப் போட்ட பிறகும் அவள் உடனே எழுந்து வரவில்லை. ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் யாருக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. அது மட்டுமில்லை, இன்னொன்றும் இருந்தது. மறுநாள் காலையில் இவருக்கு யார் ஊட்டுவார்கள், சூடு பார்த்து ஊட்டுவார்களா என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகும், பல் விளக்கும்போது, தினம் காலையில் அதே நினைப்பு. ஒளிய இடம் தேடுகிறவளுக்கு இந்த நினைப்பு எதற்கு?

மதினி குழந்தையை வாங்கிக்கொண்டாள். மடி சட்டென்று குளிர்ந்தது. நன்மை வாங்க, சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்க, வரிசையில் நின்றபோது காலில் ஊசி ஊசியாகக் குத்தியது, நொண்டிக்கொண்டே நகர்ந்தாள். கையை நீட்டப் போனவள் விரலில் இருந்த பெயின்டைப் பார்த்து, கையைத் தாழ்த்தி நாக்கை நீட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி சத்தம்தான். ஏதாவது சொல்லும் கர்த்தரே என்று மனசுக்குள் கேட்டாள். மின்விசிறி சுற்றியது.

சாமியார் புத்தகத்துக்குள்ளிருந்து தாளை எடுத்து விரித்தார். முதலில் திருவிழாக் கூட்டம், எல்லாத் தெருத் தலைவர்களும் கட்டாயம் வர வேண்டும். மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரைப் பற்றி ஒரு குட்டு. அப்புறம் ஓலை வாசித்தார். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள், இது இரண்டாம் ஓலை, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும். கல்யாணம் என்றால் மூன்று வாரம் வாசிக்கிறார்கள், ஒவ்வொரு வாரமும் நிறுத்தி, தடை உண்டா என்று ஊரையே கேட்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் ஒரே தடவை? எனக்குத் தடை தெரியும், நானே வந்து தெரிவிப்பேன். யார் கேட்கிறார்கள்? அம்மா திரும்பிப் பார்த்துவிட்டாள், கண் பளபளத்தது, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அடுத்து நான். சாமியார் தாளைத் திருப்பினார். யாரோ ஓடிப்போய் அவர் காதில் ஏதோ சொன்னார்கள். கோயில் வாசலில் வழியை மறித்து நிற்கும் சிவப்பு பைக் யாருடையது, உடனே எடுக்கவும், உள்ளே ஒரு நோயாளியைக் கூட்டி வந்த ஆட்டோ வெளியே போக முடியவில்லை. ஆண்கள் பக்கம் சலசலப்பு. ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்து ஓடினான், அவனைச் சுற்றிச் சிரிப்பு. சாமியாரும் சிரித்தார். தாளை மடித்தார். புத்தகத்துக்குள் வைத்தார். எல்லோரும் எழுந்து நிற்போம் என்றார்.

ஆசீர் கொடுத்தார். சென்று வாருங்கள் என்றார். இறைவனுக்கு நன்றி என்று ஊர் சொன்னது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பெயர் வரவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. மூச்சு விடலாம் என்று காத்திருந்தாள், மூச்சு வரவில்லை. பதிலாக, நிறுத்தத்தில் கை காட்டியும் நிற்காமல் போய்விட்ட பஸ்ஸைப் பார்ப்பது போல ஏதோ ஒன்று நெஞ்சில் உட்கார்ந்தது. இது என்ன? கைதட்டல் போச்சே என்றா? நாலு பேர் முன்னால் பெயர் வர ஆசையா எனக்கு? அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் சேலை, ஊர், கைதட்டல், ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பார்த்தாள். எல்லாம் போன பிறகும் அந்த ஏமாற்றம் அங்கேயே இருந்தது. கழுவிய பிறகும் நிற்கிற நிறம். கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது. அம்மா தேடிக்கொண்டிருந்தாள், முகம் வாடியிருந்தது. மதினி தோளில் குழந்தையோடு, வாட்டி என்றாள். இரு மதினி, என்று சொல்லிவிட்டு தெக்லா கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். எல்லோரும் வெளியே வரும்போது உள்ளே போகிற ஆளுக்கு வழி விட்டார்கள். அது அவளுக்குப் புதிதாக இருந்தது.

சக்ரீஸ்தில் சாமியார் தனியாக இருந்தார். பூசை அங்கியைத் தலைவழியே கழற்றிக்கொண்டிருந்தார், முகம் துணிக்குள் இருந்தது. யாரு, என்றார் துணிக்குள்ளிருந்தே. அவள் பெயரைச் சொன்னாள். முகம் வெளியே வந்தது. உன் விஷயத்தை மறந்தே போனேனே தாயி, அந்த பைக்குக்காரன் கெடுத்துட்டான், சாயங்காலம் ஜெபமாலையில கட்டாயம் சொல்லிருதேன், என்றார். சொல்ல வேண்டாம் சாமி, என்றாள். பிறகு, எப்படி என்று தெரியவில்லை, மற்றதையும் சொன்னாள். ஆட்டோ நின்றதை, விடைபெற்றதை, வாரேன் என்றதை, சிஸ்டர் அதை எடுத்துக்கொண்ட விதத்தை. வாய் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. நான் இன்னும் ஒண்ணும் சொல்லவே இல்ல சாமி, நான் சொல்றதுக்கு முன்னாலயே எல்லாரும் கேட்டுட்டாங்க, என்று முடித்தாள்.

அவர் அங்கியை மடித்து அலமாரியில் வைத்தார். கோபம் இல்லை, கொஞ்சம் களைப்பு இருந்தது. "அப்ப போகலையா?" என்றார்.

ஒரு வாரமாகத் தேடிய கதவு இதுதான். ஒலிபெருக்கி இல்லை, அம்மா இல்லை, கரிசனம்கூட இல்லை. இல்லை சாமி என்றால் போதும், அவர் சரி என்பார், சிஸ்டருக்கு அவரே போன் போடுவார். அவள் அந்த வார்த்தைக்காகக் காத்து நின்றாள். வெளியே சைக்கிள் மணி, பூந்தி விற்கிறவர் குரல். தொடையில் குழந்தையின் ஈரம் இன்னும் காயவில்லை. கிளாடிஸ் அக்காவைப் பற்றிய பயம் இருந்தது. நனைந்த டம்ளர்களில் ஜன்னல் கோடு கோடாக இருந்தது. காக்காயைப் பார்த்து வந்துட்டியா என்று கேட்கிற ஒரு வாய், கஞ்சிக்குத் திறந்தபடி இருந்தது. ஒன்றும் தெளியவில்லை, ஒன்றும் நகரவில்லை. இல்லை என்பது மட்டும் வரவில்லை.

"போறேன் சாமி" என்றாள்.

சாமியாருக்கு அடுத்த ஊரில் இன்னொரு பூசை இருந்தது. மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைப் பூட்டத் திரும்பியிருந்தார். எல்லோரிடமும் சொல்வது போல, பழக்கத்தில், "போறேன்னு சொல்லப்பிடாது தாயி. போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றார்.

மறுபடியும் அதேதான். அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இப்போது தலையை ஆட்டினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். விரல் நுனியில் பெயின்ட் காய்ந்து தோலை இழுத்தது.

"இல்ல சாமி" என்றாள். "போறேன்னுதான் சொல்லுதேன்."

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.